ரோஜாச் செடிக்கு என்ன நோய்?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, தோட்டக் குழுவினர் சார்பில்)

மலர்களின் அரசி ரோஜா என்பதை எல்லோரும் அறிவோம். ஆனால் அந்த அரசிக்கு எத்தனை எதிரிகள் உண்டு என்பதைப் பள்ளித் தோட்டக் குழுவினராகிய நாங்கள் சென்ற ஓராண்டில்தான் அறிந்துகொண்டோம். அதையும் எளிதில் அறிந்துகொள்ளவில்லை. ஏழு செடிகளைப் பறிகொடுத்த பிறகே அறிந்துகொண்டோம்.

மடத்துக்கும் எங்கள் வகுப்பறைக் கட்டடத்துக்கும் நடுவே, மாதா கெபிக்கு எதிரில் இருக்கும் ரோஜாப் பாத்தியைப் பெற்றோர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் 24 செடிகள் இருந்தன. எட்டு, பன்னீர் ரோஜா. மற்றவை ஒட்டுச் செடிகள். பன்னீர் ரோஜாக்களை நட்டவர் இப்போது ஓய்வு பெற்று மடத்திலேயே இருக்கும் வயதான சிஸ்டர் ஒருவர். அவரால் படி இறங்க முடியாது. காலையில் நாங்கள் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் மாடி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்றைக்கு எத்தனை பூ, பிள்ளைகளே?" என்று கேட்பார். எண்ணிச் சொல்வோம். பதினெட்டு, இருபது என்று சொல்லும் நாட்களில் அவர் முகம் மலரும்.

சென்ற ஆண்டு மார்ச் மாதம், ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வுக்கு நாங்கள் படித்துக்கொண்டிருந்த சமயம், இலைகள் மங்கத் தொடங்கின. பச்சை நிறம் குறைந்து, ஊசியால் குத்தியதுபோல் பொடிப் பொடியாக வெளிறிய புள்ளிகள் தோன்றி, பிறகு இலை முழுவதும் பழுப்பேறிக் காய்ந்து உதிர்ந்தது. முந்திய மழைக்காலத்தில் இதே பாத்தியில் கரும்புள்ளி நோய் வந்து இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தது எங்களுக்கு நினைவிருந்தது. "அதே நோய்தான்" என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டினோம். கரும்புள்ளி வந்த செடியின் இலை நனையக் கூடாது என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆகவே இலைமேல் ஒரு சொட்டும் படாதபடி தூரில் மட்டும், அதுவும் குறைவாக, தண்ணீர் விட்டோம். அதோடு நிற்கவில்லை. எங்களில் ஒருத்தி, தன் அப்பா வயலுக்கென்று வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தில் சிறிது கொண்டுவந்தாள். சிஸ்டரிடம் சொல்லாமல் அதைக் கலக்கித் தெளித்தோம். இது பெரிய தவறு என்பதை இப்போது உணர்கிறோம்; எழுதாமல் விடுவது சரியல்ல என்பதால் எழுதுகிறோம்.

பத்து நாட்களில் நோய் இரட்டிப்பாயிற்று. கிளை நுனிகளில் மெல்லிய நூலாம்படை படர்ந்தது. ஏப்ரலில் இலையே இல்லாத குச்சிகள் நின்றன. காய்ந்த குச்சிகளை வெட்டினால் தளிர்க்கும் என்று எண்ணி, சமையல்கட்டுப் பழைய கத்தி ஒன்றை எடுத்து எல்லாச் செடிகளையும் வரிசையாக வெட்டினோம். வெட்டிய இடத்திலிருந்து கறுப்பு கீழ்நோக்கி இறங்கியது. ஜூன் மாதம் பள்ளி திறந்து வந்து பார்த்தபோது ஏழு செடிகள் தூரோடு காய்ந்திருந்தன. அவற்றில் ஐந்து பன்னீர் ரோஜா. அன்று ஜன்னலிலிருந்து கேள்வி வந்தபோது எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை.

தோட்டக்காரத் தாத்தா கோடையில் தம் மகள் ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்துவிட்டு, "என்ன தாயி, இன்ன நோயின்னு தெரியாம மருந்தைக் குடுத்தா மனுஷனே தாங்க மாட்டான். செடி தாங்குமா?" என்று மட்டும் கேட்டார். அறிவியல் ஆசிரியை சிஸ்டரோ எங்களைத் திட்டவும் இல்லை. ஆய்வகத்திலிருந்து ஒரு கைலென்ஸை எடுத்துக் கொடுத்து, மீதியிருந்த செடி ஒன்றின் இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்.

இலையைத் திருப்பிப் பார்ப்பது! அந்த ஒரு காரியத்தைத்தான் நாங்கள் செய்யவில்லை. இலையின் அடிப்பக்கத்தில், நரம்போரமாக, மணல் பொடியைவிடச் சிறிய உருவங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அவற்றின் இரு பக்கமும் கறுப்புத் திட்டு. நடுநடுவே முத்துப்போல் முட்டைகள். அவை சிவப்புச் சிலந்திப்பேன். பெயரில் பேன் இருந்தாலும் அது பூச்சி இனமே அன்று. பூச்சிக்கு ஆறு கால். இதற்கு எட்டுக் கால். சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. இலையின் அடியில் இருந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். ஒவ்வொரு முறை குத்தும்போதும் மேலே ஒரு வெளிறிய புள்ளி உண்டாகும். நாங்கள் நோயின் புள்ளி என்று நினைத்தவை இந்தக் குத்துகள்தாம்.

எங்கள் மருந்து ஏன் கேட்கவில்லை என்பதும் அப்போது விளங்கியது. பூச்சிகளைக் கொல்லும் மருந்துகளில் பல சிலந்திப்பேனைக் கொல்வதில்லை. ஆனால் சிலந்திப்பேனைத் தின்று வாழும் பொறிவண்டு முதலியவற்றைக் கொன்றுவிடும். காவல்காரனைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து வைத்ததுபோல் ஆயிற்று. மேலும் இந்தப் பேனுக்கு உகந்தது வெப்பமும் வறட்சியும் தூசியும். நல்ல வெயில் காலத்தில் முட்டை ஒன்று முழு வளர்ச்சி பெற ஏறக்குறைய ஒரு வாரம் போதும். நாங்கள் இலையை நனைக்காமல் தூசி படிய விட்டது அதற்கு விருந்து வைத்ததே ஆகும்.

வைத்தியம் என்ன தெரியுமா? தண்ணீர்! காலை நேரத்தில் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்து, இலையின் அடிப்பக்கத்தில் படும்படி கீழிருந்து மேலாகப் பீய்ச்சி அடிக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு முறை, இரண்டு மூன்று வாரம் செய்தால் பெரும்பகுதி ஒழியும். முட்டைகள் தப்பிப் பொரிக்கும் என்பதால் ஒரு நாளோடு நிறுத்தக் கூடாது. மிக முற்றிய இலைகளைப் பறித்து எரித்துவிட வேண்டும். அதிலும் அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து மாலையில் தெளிக்கலாம். ஆனால் வெயில் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும் நாட்களில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். எங்கள் ஊர் ஏப்ரல் மாதத்தில் அது உதவாது. மிஞ்சியிருந்த 17 செடிகளையும் ஜூன், ஜூலை மாதங்களில் தண்ணீர் பீய்ச்சியே தேற்றினோம். பாவாடை தாவணியெல்லாம் நனைந்து முதல் பாடவேளைக்குச் சென்று நிற்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

அன்று முதல் எங்கள் குழுவுக்கு மூன்று பொருள்கள் ஆயுதமாயின: கைலென்ஸ் ஒன்று, வெள்ளைத்தாள் ஒன்று, கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று. சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு செடியின் மேலிலை, நடு இலை, அடியிலை என மூன்றைத் திருப்பிப் பார்த்துக் குறித்து வைக்கிறோம். பெயர் தெரியாத ஒன்றைக் கண்டால் தெரியும் வரை எந்த மருந்தும் தொடுவதில்லை.

அக்டோபரில் மழை பிடித்தது. அந்த வாரமே உண்மையான கரும்புள்ளி நோய் வந்தது. இப்போது அதையும் சிலந்திப்பேனின் வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எப்படி ஒன்றை மற்றொன்றாக நினைத்தோம் என்று வெட்கமாக இருக்கிறது. கரும்புள்ளி இலையின் மேற்புறத்தில் வருகிறது. சிறு பொட்டு அளவிலிருந்து சட்டைப் பித்தான் அளவு வரை வட்டமான கறுப்புத் திட்டு. அதன் ஓரம் வெட்டினாற்போல் இராது. மை ஊறிய காகிதம்போலக் கீற்றுக் கீற்றாகப் பிசிறியிருக்கும். இந்த ஓரத்தைப் பார்த்தால் போதும். வேறு எதனோடும் குழப்ப முடியாது. புள்ளியைச் சுற்றி மஞ்சள் படர்ந்து இலை உதிரும். அடியிலையில் தொடங்கி மேல்நோக்கி ஏறும். சிலந்திப்பேனில் கறுப்பு வட்டமே கிடையாது.

இது டிப்ளோகார்ப்பான் ரோசே என்னும் பூசணத்தால் வருவது. அதன் வித்துகள் காற்றில் அதிகம் பறப்பதில்லை. மழைத்துளியும் நாம் ஊற்றும் தண்ணீரும் தெறிக்கும்போது தாவுகின்றன. இலைமேல் விழுந்த வித்து முளைத்து உள்ளே நுழைய, இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். இந்த ஏழு மணிக் கணக்குதான் எங்கள் பெரிய குழப்பத்தைத் தீர்த்தது. சிலந்திப்பேனுக்கு இலையை நனை என்கிறார்கள், கரும்புள்ளிக்கு நனைக்காதே என்கிறார்கள், எதைக் கேட்பது என்று தவித்துக்கொண்டிருந்தோம். கோடையில் காலை ஏழு மணிக்கு நனைத்தால் ஒன்பது மணிக்குள் வெயில் உலர்த்திவிடும். பூசணத்துக்கு நேரம் போதாது. மாலை ஆறு மணிக்கு நனைத்தால் விடியும் வரை ஈரம். தவறு தண்ணீரில் இல்லை, வேளையில் இருக்கிறது. விடுதி மாணவியர் விளையாடிவிட்டு வந்து அந்தி நேரத்தில் அன்போடு பூவாளியால் செடியைக் குளிப்பாட்டும் வழக்கம் முன்பு இருந்தது. அதை நயமாகச் சொல்லி நிறுத்தினோம்.

கரும்புள்ளி கண்ட இலைகளைப் பறித்து, கீழே உதிர்ந்தவற்றையும் ஒன்று விடாமல் பொறுக்கி எரிக்க வேண்டும். எருக்குழியில் போடக் கூடாது. பூசணம் அந்தச் சருகிலேயே தங்கி அடுத்த மழைக்குக் காத்திருக்கும். செடிகள் நெருக்கமாக இருந்தால் உட்புறக் கிளைகளைக் களைந்து காற்றோட்டம் உண்டாக்க வேண்டும். நாங்கள் இவ்வளவும் செய்தும் நவம்பர் அடைமழையில் நான்கு செடிகளில் நோய் ஏறிக்கொண்டே போயிற்று. ஆகவே சிஸ்டரின் அனுமதியோடு, மழை விட்ட ஒரு நாள், தாத்தா மேன்கோசெப் என்னும் பூசண மருந்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து இலையின் இரு பக்கமும் நனையத் தெளித்தார். பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. இந்த மருந்து வந்த புள்ளியைப் போக்காது. வராத இலையைக் காக்கும். புள்ளி மறையவில்லையே என்று மேலும் மேலும் தெளிப்பது வீண்.

மழை ஓய்ந்து டிசம்பர் பனி இறங்கியதும் எதிரி மாறினான். இந்த முறை இளந்தளிரிலும் மொக்கின் காம்பிலும் விபூதி பூசியதுபோல வெள்ளை. தளிர் சுருண்டு செந்நிறமாகக் கோணிற்று. சாம்பல் நோய் இது. இதுவும் பூசணமே, ஆனால் கரும்புள்ளிக்கு நேர் எதிரான குணம் உடையது. இதன் வித்து முளைக்க இலைமேல் தண்ணீர் தேவையில்லை. தண்ணீர் நின்றால் வித்து கெட்டுப்போகும். பகலில் உலர்ந்த வெயிலும் இரவில் குளிர்ந்த ஈரக்காற்றும் இதற்கு வேண்டும். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பூப் பறிக்கும் காலத்தில் ஆண்டுதோறும் மொக்குகள் விரியாமல் போனதன் காரணம் இப்போதுதான் தெரிந்தது.

வெயில் மிதமாக இருக்கும் அந்த மாதங்களில் நனையும் கந்தகம் கைகொடுக்கும். அதைவிட எங்களுக்குப் பிடித்த வைத்தியம் பால். ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒரு முறை காலை வெயிலில் தெளிப்பது. இது பாட்டி வைத்தியம் அன்று. பிரேசில் நாட்டில் பூசணி இனச் செடிகளின் சாம்பல் நோய்க்குப் பசும்பால் பயன்படுகிறது என்று சோதித்துக் கண்டு 1999-ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதைப் படித்துச் சொன்னவர் சிஸ்டர். ஆறு செடிகளுக்குப் பாலும் ஆறு செடிகளுக்குக் கந்தகமும் தெளித்துப் பார்த்தோம். நோய் தொடங்கும்போதே தெளித்த செடிகளில் பாலும் நன்றாகவே வேலை செய்தது. முற்றிவிட்ட இரண்டில் கந்தகமே வென்றது. பால் அதிகமாகிவிட்டால் இலையில் புளித்த வாடை வீசும். மதர் அந்தப் பக்கம் வந்தபோது கைக்குட்டையை எடுத்தது எங்களுக்கு நினைவிருக்கிறது.

இனி, எங்கள் ஏழு செடிகளைக் கடைசியில் கொன்ற நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நுனிக்கருகல். வெட்டிய நுனியிலோ காயம்பட்ட இடத்திலோ பூசணம் புகுந்து, தண்டு பழுப்பாகிக் கறுத்து, மேலிருந்து கீழாகக் காய்ந்துகொண்டே வரும். ஒட்டுக்கு இறங்கிவிட்டால் செடி போனதுதான். வலுவான செடியில் இது எளிதில் ஏறுவதில்லை. சிலந்திப்பேனால் இலையிழந்து, தண்ணீரும் குறைந்து நின்ற செடிகளைக் கடும் கோடையில் நாங்கள் வெட்டினோம். மொக்கைக் கத்தியால் தண்டு நசுங்கியது. நோயுற்ற செடியை வெட்டிய கத்தியைத் துடைக்காமலே அடுத்த செடியில் வைத்தோம். ஒவ்வொரு வெட்டிலும் நாங்களே நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம்.

கறுத்த தண்டை எப்படி வெட்ட வேண்டும் என்பதைத் தாத்தா செய்து காட்டினார். கறுப்பு முடியும் இடத்தில் வெட்டக் கூடாது. அதற்கும் ஐந்தாறு சென்டிமீட்டர் கீழே, வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்குச் சற்று மேலே, தண்ணீர் நிற்காதபடி சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டிய முகத்தில் நடுத்தண்டு வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே போக வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் பிறகு கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். எங்கள் சமவெளிப் பகுதிக்குக் கவாத்து செய்ய ஏற்ற காலம் செப்டம்பர் கடைசி, அக்டோபர், கோடை அன்று.

வெட்டிய முகத்தில் போர்டோ பசை தடவ வேண்டும். இதன் கதை சுவையானது. பிரான்ஸ் நாட்டில் போர்டோ நகரத்தை அடுத்த மெடாக் பகுதியில், வழிப்போக்கர் திராட்சையைத் திருடித் தின்னாமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நீல நிறமாகப் பூசி வைப்பார்களாம். 1882-இல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர், உள்ளே இருந்த கொடிகளெல்லாம் அடிச்சாம்பல் நோயால் இலை உதிர்ந்து நிற்க, இந்தச் சாலையோரக் கொடிகள் மட்டும் பசுமையாக இருப்பதைக் கவனித்தார். சோதனைகள் செய்து 1885-இல் வெளியிட்டார். திருடனுக்குப் பயந்து பூசியது உலகத்துக்கே மருந்தாயிற்று.

செய்முறை எளிது. 10 கிராம் மயில்துத்தத்தை 50 மில்லி தண்ணீரில் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்துக்கொள்ள வேண்டும். 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 50 மில்லி தண்ணீரில் நீற்றி ஆற விட வேண்டும். நீறும்போது கொதிக்கும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கிளற வேண்டும். சரியாக அமைந்ததா என்று பார்க்கப் பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் தோய்க்க வேண்டும். கத்தியில் செம்பு படிந்து சிவந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். வேதியியல் வகுப்பில் இரும்பு ஆணியைத் துத்தக் கரைசலில் போட்டுச் செம்பை இடம்பெயர்த்துக் காட்டினார்களே, அதே வினைதான். இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது என்பதன் காரணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. கலந்த அன்றே தடவிவிட வேண்டும்.

பூச்சிகளில் மிகவும் கண்ணில் படுவது அசுவினி. ஜனவரியில் புது மொக்கின் கழுத்தைச் சுற்றிப் பச்சையாக மொய்த்துக்கொண்டிருக்கும். பெண் அசுவினி முட்டையிட்டுக் காத்திராமல் நேராகக் குட்டிகளையே போடும். அதனால்தான் ஒரே வாரத்தில் மொக்கு மறைந்துவிடுகிறது. செடியில் எறும்பு ஏறினால் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று பொருள். அவை கழிக்கும் தேன்போன்ற பாகைக் குடிக்கவே எறும்பு வருகிறது. அதற்குக் கூலியாக அவற்றின் எதிரிகளை விரட்டியடிக்கிறது. அந்தப் பாகின்மேல்தான் கரிப்பூசணம் கறுப்பாகப் படர்கிறது. அதைத் துணியால் துடைத்தால் வந்துவிடும். கரும்புள்ளி துடைத்தால் வராது.

அசுவினிக்கு முதலில் விரல்களே போதும், நசுக்கித் தள்ளலாம். அருவருப்பாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சலாம். அதற்கும் மிஞ்சினால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், எண்ணெய் கலக்கும் அளவுக்குக் காதி சோப்புக் கரைசலும் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். தெளிக்கும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கவும். முதலைக்குட்டிபோல, கறுப்பில் ஆரஞ்சுப் பொட்டுகளோடு ஒரு புழு அங்கே ஊர்ந்தால் மருந்தைக் கீழே வையுங்கள். அது பொறிவண்டின் குஞ்சு. அசுவினியைத் தின்றுகொண்டிருக்கிறது. எங்களில் இருவர் அதைக் கொடிய புழு என்று நினைத்து எத்தனையோ முறை மிதித்திருக்கிறோம்.

இதழோரம் கருகி, மொக்கு பாதி விரிந்து நின்றுவிட்டால் வெள்ளைத்தாளின்மேல் பூவைத் தட்டிப் பார்க்கவும். கடுகைவிடச் சிறிதாக, நீளவாக்கில் மஞ்சள் நிறத்தில் ஓடினால் அது இலைப்பேன். மிளகாய்ச் செடியின் இலையைச் சுருட்டும் பேனும் ரோஜாவைத் தாக்கும். சமையலுக்கென்று பாத்தி ஓரத்தில் வைத்திருந்த மிளகாய்ச் செடிகளை அதனால் இடம் மாற்றினோம். கெட்ட பூக்களை உடனே பறித்து எரிப்பதும் வேப்பெண்ணெயும் இதற்கு உதவும். பழைய தண்டுகளில் பழுப்புச் செதில் செதிலாக அப்பிக்கொண்டிருப்பது செதில் பூச்சி. மேலே ஓடு மூடியிருப்பதால் தெளிக்கும் மருந்து உள்ளே போகாது. பஞ்சை மண்ணெண்ணெயில் தோய்த்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, தண்டை மட்டும் மெதுவாகத் தேய்த்தெடுக்க வேண்டும். இலையில் படக் கூடாது.

வெள்ளைப் பஞ்சுபோல் கணுக்களில் ஒட்டும் மாவுப்பூச்சிக்கும் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சு போதும். இதைச் சொல்லும்போது பப்பாளி மாவுப்பூச்சி நினைவுக்கு வருகிறது. அது 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் காணப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடாமல் அழித்தது. மருந்துகளுக்கு அடங்காத அதை, 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வரவழைத்த சின்னஞ்சிறு குளவிதான் அடக்கிற்று. குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். எல்லாப் பூச்சியும் எதிரி இல்லை.

அப்படி நாங்கள் பழி சுமத்திய இன்னொரு நல்ல உயிரும் உண்டு. சில இலைகளின் ஓரம், நாணயத்தை வைத்து வெட்டியதுபோல், கன கச்சிதமாக அரைவட்டமாகக் காணாமல் போயிருந்தது. முதல் மழைக்குப் பின் இரவில் வரும் வண்டின் வேலை என்று எண்ணி, டார்ச் விளக்கோடு காவலிருக்க மதரிடம் அனுமதி கேட்கவும் துணிந்தோம். (கிடைக்கவில்லை.) வண்டு தின்றால் ஓரம் தாறுமாறாகக் கிழிந்திருக்கும். அரைவட்டமாக வெட்டுவது இலைவெட்டித் தேனீ. அது இலையைத் தின்பதில்லை. சுருட்டிக்கொண்டுபோய்த் தன் குஞ்சுக்குத் தொட்டில் கட்டுகிறது. ஒருநாள் மதிய உணவு வேளையில் பச்சைத் துண்டைக் கட்டிக்கொண்டு அது பறந்துபோவதைப் பார்த்தோம். அதற்கு மருந்து வேண்டாம். செடிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அதுபோல மஞ்சளான இலையெல்லாம் நோயும் அன்று. இளந்தளிரில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடைப்பகுதி வெளிறியிருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த கிணற்றுத் தண்ணீர் பாயும் மண்ணில் இது வரும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. மக்கிய எருவும், சிறிதளவு அன்னபேதி உப்பும் இதற்குத் தீர்வு. குளிர்ந்த மலைப் பகுதிகளில் துருநோய் என்று ஒன்று உண்டு; இலையடியில் ஆரஞ்சுத் தூளாக இருக்கும். எங்கள் பாத்தியில் அதைக் காணவில்லை.

மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. தாத்தா இளமையில் எண்டோசல்பானை எல்லாப் பூச்சிக்கும் அடித்திருக்கிறார். கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு அதை ஹெலிகாப்டரிலிருந்து ஆண்டுக்கணக்காகத் தெளித்ததால் மக்கள் பட்ட துன்பத்தை நாடே அறியும். 2011-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நாங்கள் மார்ச்சில் தெளித்த மருந்தின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. புட்டியிலிருந்து சோடாப் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தது அது. கையுறை இல்லை, முகத்துணி இல்லை. மறுநாள் அதே பூவைச் சிறு வகுப்புக் குழந்தைகள் தலையில் சூடிக்கொண்டார்கள். பன்னீர் ரோஜா இதழை வாயில் போட்டு மெல்லும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு. சிஸ்டர் எங்களைக் கண்டித்தது செடிகளுக்காக அன்று, இதற்காகத்தான். இப்போது எதைத் தெளித்தாலும் தாத்தாதான் தெளிக்கிறார். காற்று வரும் பக்கம் நின்று, காற்றோடு போகும்படி தெளிக்கிறார். அந்த வாரம் பாத்தியைச் சுற்றிக் கயிறு கட்டி, "பூப் பறிக்காதீர்" என்று பலகை வைக்கிறோம்.

மிஞ்சிய மூன்று பன்னீர் ரோஜாக்களில் ஒன்று, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஒற்றைத் தண்டாக மட்டும் நின்றது. போர்டோ பசை தடவிய நீல நெற்றியோடு மழைக்காலம் முழுவதும் ஒரு தளிரும் விடவில்லை. பிடுங்கிவிடலாம் என்று எங்களில் சிலர் சொன்னோம். நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்த தாத்தா, "உள்ளே பச்சை இருக்கு, பொறுங்க" என்றார். டிசம்பர் இரண்டாம் வாரம் இரண்டு கணுக்களில் சிவப்பு முளை தெரிந்தது. அதிலிருந்து வெட்டிய ஐந்து குச்சிகளைப் பிப்ரவரியில் பதியம் போட்டோம், மூன்று துளிர்த்திருக்கின்றன. சென்ற வெள்ளிக்கிழமை ஜன்னலிலிருந்து வழக்கமான கேள்வி வந்தது. "பதினொன்று, சிஸ்டர். பன்னீர் ரோஜாவில் ஒன்று" என்று சொன்னோம்.

நாங்கள் அரசுத் தேர்வுக்குச் செல்கிறோம். நோட்டுப் புத்தகம் கருவி அறையில் ஆணியில் மாட்டியிருக்கிறது. கைலென்ஸ் ஆய்வகத்தில் இரண்டாவது அலமாரியில். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, மார்ச் பிறந்துவிட்டது. வெயில் ஏறும் முன் ஒவ்வொரு செடியிலும் மூன்று இலைகளைத் திருப்பிப் பாருங்கள். வடக்கு மூலையில் இருக்கும் ஒட்டுச் செடியிலிருந்து தொடங்குங்கள். தூசி முதலில் படிவது அதன்மேல்தான்.